கல்லில் எழுதிய திருச்சபையியல்
அவிஞ்ஞோன் பாப்பரசர் அரண்மனை பற்றிய ஒரு திறனாய்வு

சென்ற லெந்து காலத்தின் தொடக்கத்தில் எமது சேகரத்துக் கட்டடக் குழுவினர் புதிய ஆலயத்திற்கான வரைபடம் ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமீது விரித்தனர். கூர்முனை வளைவுகள், முகப்பில் இரு கோபுரங்கள், சுற்றிலும் ஆளுயரத்திற்கு மேற்பட்ட மதில், அதன் நடுவே இரும்புக் கதவு என அனைத்தும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து நோக்குவோர்க்கும் கோபுரத்தின் உச்சி தெரிய வேண்டும் என்பது குழுவினரின் வேணவா. "இத்தனைக் கம்பெனிகளுக்கு நடுவே நாமும் இருக்கிறோம் என்று தெரிய வேண்டாமா, ஐயா?" என்றார் செயலர். அவர் கேள்வியை இகழ்ந்து தள்ளுவதற்கில்லை. 1990-களின் இறுதி முதல் இவ்வட்டாரத்தின் வயல்களும் ஏரிக்கரைகளும் கார் தொழிற்சாலைகளாகவும் கண்ணாடித் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. ஒரு காலத்தில் ஊருக்கே அடையாளமாயிருந்த சிற்றாலயங்கள், இன்று சரக்கு வண்டிகளின் நிழலில் மறைந்து நிற்கின்றன. சிறுத்துப்போனோம் என்ற உணர்வு பொய்யன்று.

ஆயினும் அவ்வரைபடத்தைக் கண்ட கணத்தில் என் நினைவுக்கு வந்தது வேறொரு கட்டடம். பிரான்சு நாட்டின் தென்பகுதியில், ரோன் ஆற்றங்கரைப் பாறைமீது நிற்கும் அவிஞ்ஞோன் பாப்பரசர் அரண்மனையே அது. அதனை நான் நேரில் கண்டவன் அல்லேன். தரைப்படங்களையும் ஒளிப்படங்களையும் துணைக்கொண்டு திருச்சபை வரலாற்று வகுப்பில் பல ஆண்டுகள் அதனைக் கற்பித்தவன். கரும்பலகையில் அதன் கோபுரங்களை வரைந்து, "உரோமைத் திருச்சபையின் வீழ்ச்சியைப் பாருங்கள்" என்று கூறுவேன். மாணவர் நகைப்பர், மணி அடிக்கும், பாடம் முடியும். அவ்வரண்மனை நம்மை நோக்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு என்பதை நான் ஒரு நாளும் அவர்களுக்குக் கூறியதில்லை. கூறாமற்போனதற்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1. அரண்மனை எழுந்த வரலாறு

1305-இல் பாப்பரசராகத் தெரிந்தெடுக்கப்பட்ட 5-ஆம் கிளமெந்து, பிரெஞ்சு நாட்டவர். உட்பூசல் மிகுந்த இத்தாலிக்குச் செல்லத் தயங்கிய அவர், 1309-இல் அவிஞ்ஞோனை வந்தடைந்தார். அங்கு அவர் தமக்கென மாளிகை எதுவும் எழுப்பவில்லை. தொமினிக்கத் துறவியர் மடத்திலேயே தங்கினார். தாம் விருந்தினர் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருத்தல் கூடும். அவருக்குப் பின் 1316-இல் பதவியேற்ற 22-ஆம் யோவான், முன்பு அந்நகரிலேயே ஆயராயிருந்தவர். எனவே பேராலயத்தை அடுத்திருந்த ஆயர் இல்லத்திலேயே வாழ்ந்து, அதனை விரிவுபடுத்திக்கொண்டார்.

விருந்தினர் வீட்டுக்காரரானது 12-ஆம் பெனடிக்ட் காலத்தில். சிஸ்தெர்சியத் துறவியான அவர், 1335-இல் பழைய ஆயர் இல்லத்தை இடித்துவிட்டுப் புதிய கட்டடத்தைத் தொடங்கினார். மிர்ப்புவா ஊரைச் சேர்ந்த பியர் புவாசோன் என்பவர் தலைமைக் கொத்தனாராக விளங்கினார். இன்று 'பழைய அரண்மனை' என வழங்குவது இப்பகுதியே. 1342-இல் பதவியேற்ற 6-ஆம் கிளமெந்து, அத்துடன் மனநிறைவு கொள்ளாது, ழான் த லூவ்ர் என்ற சிற்பியைக் கொண்டு 'புதிய அரண்மனை'யை எழுப்பினார். 1352-இல் அவர் இறந்தபோது பெரும்பணி முடிந்துவிட்டது. ஏறத்தாழ 15,000 சதுர மீட்டர் பரப்புள்ள, மேலைநாட்டின் மிகப் பெரிய இடைக்காலக் கோதிக் அரண்மனை, 20 ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் எழுந்தது. ஒரு பேராலயத்தை எழுப்ப அக்காலத்தில் மூன்று நான்கு தலைமுறைகள் ஆயின என்பதோடு இதனை ஒப்பிட்டால் இவ்விரைவின் பொருள் விளங்கும். சாலொமோன் ஆண்டவரின் ஆலயத்தை 7 ஆண்டுகளில் கட்டினார் என்றும், தம் அரண்மனையை 13 ஆண்டுகளில் கட்டினார் என்றும் இராஜாக்களின் முதல் நூல் அடுத்தடுத்துக் குறிக்கிறது. குறித்ததோடு நின்று, தீர்ப்பை நமக்கு விடுகிறது. இங்கும் எண்களே பேசுகின்றன.

1348-இல் நேப்பிள்சு அரசி யோவன்னாவிடமிருந்து அவிஞ்ஞோன் நகரையே 80,000 பொன் புளோரின்களுக்கு 6-ஆம் கிளமெந்து விலைக்கு வாங்கினார். கொள்ளைநோய் அந்நகர மாந்தரை வாரிக்கொண்டு சென்றதும் அதே ஆண்டில்தான்.

2. கட்டடம் கூறுவது என்ன?

கோதிக் கலை என்றவுடன் நாம் எண்ணுவது ஒளியை. வடபிரான்சின் கோதிக் ஆலயங்களில் சுவர் என்பது ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பாரிசு மாநகரில் 1248-இல் திருநிலைப்படுத்தப்பட்ட திருச்சிற்றாலயத்தில் சுவரின் இடத்தைக் கண்ணாடியே பற்றிக்கொள்கிறது. கூர்முனை வளைவின் பயனே அது. கூரையின் பாரத்தைத் தூண்களின் வழியே கீழிறக்கிவிடுவதால், சுவர் தன் சுமையினின்று விடுபட்டுச் சாளரமாக மாற இயலுகிறது.

அவிஞ்ஞோனில் அதே கூர்முனை வளைவு வேறொரு பணிக்கு அமர்த்தப்பட்டது. வெளிமுகப்பில் நாம் காணும் நெடிய வளைவுகள் சாளரங்கள் அல்ல. மேல்தளத்திலிருந்து பகைவர்மீது கற்களையும் கொதிநீரையும் கொட்டுவதற்கான இடைவெளிகளைத் தாங்கும் வளைவுகள் அவை. ஒளியை உள்ளே விடுவதற்கெனக் கண்டறியப்பட்ட வடிவம், பகைவரை வெளியே நிறுத்துவதற்குப் பயன்பட்டது. சுவர்களின் கனம் சில இடங்களில் 5 மீட்டர் அளவு. துரூயாஸ் கோபுரம் 52 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கோபுரங்கள் பலவும் காவலைக் கருதி எழுந்தவை. இம்முகப்பைக் காண்பவர், அறியாதவராயின், இதனை ஓர் அரசனின் கோட்டை என்றே கூறுவர். அவர் கூற்றில் தவறும் இராது.

உள்ளே சென்றால் கட்டடத்தின் பேச்சு இன்னும் தெளிவாகிறது. பழைய அரண்மனையில் பாப்பரசரின் கோபுரம் என ஒன்று உண்டு. அதன் அடித்தளத்தில் நிலவறை; அதற்கு மேல் கீழ்ப் பொக்கிஷ அறை; அதற்கு மேல் நிதிப் பொறுப்பாளரின் அறை; அதற்கு மேல் பாப்பரசரின் படுக்கையறை; அதற்கும் மேல் மற்றுமொரு பொக்கிஷ அறை. கீழ்ப் பொக்கிஷ அறையின் தரைக் கற்களுக்கு அடியில் மறைவான குழிகள் அமைந்திருந்தன. படுக்கையறைச் சுவரிலோ, நீலப் பின்னணியில் திராட்சைக் கொடிகளும் பறவைகளும் அணில்களும் அழகுறத் தீட்டப்பட்டுள்ளன. சாளரக் குடைவுகளில் வெறுமையான பறவைக் கூண்டுகள் வரையப்பட்டுள்ளன. இரு பொக்கிஷங்களுக்கு இடையே துயின்ற ஒரு மேய்ப்பரின் அறையில் திறந்த கூண்டுகளைத் தீட்டிய ஓவியன் என்ன எண்ணித் தீட்டினானோ, நாம் அறியோம். வெறும் அழகுக்காகவே தீட்டியிருத்தல் கூடும். ஆனால் அக்கோபுரத்தின் அடுக்குமுறை அழகுக்காக அமைந்ததன்று. அது நன்கு சிந்தித்து அமைக்கப்பட்டது. பாதுகாக்கத்தக்கவை எவை என ஒரு திருச்சபை எண்ணியதோ, அவற்றின் பட்டியல் அது.

நேர்மையான திறனாய்வு இத்துடன் நிற்றலாகாது. புதிய அரண்மனையின் கீழ்த்தளத்தில் பெரிய விசாரணை மண்டபம் ஒன்று உண்டு. அதன் நீளம் 52 மீட்டர். நடுவே ஒரு வரிசைத் தூண்கள் அதனை இரு கூறாக்குகின்றன. மேலைத் திருச்சபை முழுவதிலுமிருந்து வந்த வழக்குகளை நீதிபதிகள் இங்கு அமர்ந்து கேட்டனர். அதற்கு நேர் மேலே, அதே நீளத்தில், தூண் எதுவுமின்றி ஒரே கூடமாக, ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தில் எழுவது பெரிய சிற்றாலயம். தென்னாட்டுக் கோதிக் முறையின் எளிமையும் வீறும் அதில் ஒருங்கே விளங்குகின்றன. நீதியின்மீது வழிபாடு நிற்க வேண்டும் என்ற எண்ணம் அதில் உண்டென்று கொண்டால், அது ஆமோசு தீர்க்கதரிசியும் ஏற்கத்தக்க எண்ணமே. அவ்விசாரணை மண்டபத்தின் வளைகூரையில், வித்தெர்போ நகரத்து ஓவியர் மத்தேயோ ஜியோவன்னெத்தி, எழுத்துச் சுருள்களை ஏந்திய தீர்க்கதரிசிகளின் உருவங்களைத் தீட்டினார். நீதிபதிகளின் தலைக்கு மேல் தீர்க்கதரிசிகள் நின்றனர். நீதிபதிகள் எத்தனை முறை மேல்நோக்கினர் என்பதே வினா.

3. வறுமை பற்றிய வழக்கு

இவ்வளவு பெரிய கட்டடத்திற்குப் பணம் வந்த வழி யாது? புதிதாக ஒரு திருப்பணிப் பதவியில் அமர்ந்தவர், தம் முதலாண்டு வருவாயின் பெரும்பகுதியைப் பாப்பரசரின் கருவூலத்திற்குச் செலுத்தும் முறையை 22-ஆம் யோவான் ஒழுங்குபடுத்தி விரிவாக்கினார். பதவிகளை நிரப்பும் உரிமையும் மிகுதியாக அவிஞ்ஞோனின் கையில் குவிந்தது. இங்கிலாந்து முதல் அங்கேரி வரை சிற்றூர்ச் சபையார் செலுத்திய தசமபாகத்தின் ஒரு பங்கு, பல கைகள் மாறி, அக்கோபுரத்தின் தரைக் குழிகளை வந்தடைந்தது. கல்லை அடுக்கியவர் கொத்தனார். ஆனால் அந்தக் கல்லுக்கு விலை கொடுத்தவர், அவ்வரண்மனையைக் கனவிலும் காணாத உழவரே.

இதனினும் ஆழமானதொரு செய்தி உண்டு. கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் தனியாகவோ பொதுவாகவோ எவ்வுடைமையும் கொண்டிருக்கவில்லை எனப் பிரான்சிஸ்கத் துறவியர் பலர் போதித்து வந்தனர். 1323-இல் 22-ஆம் யோவான் அப்போதனையை வேதப்புரட்டு என்று அறிவித்தார். பிறிதொரு விசாரணைக்கென 1324-இல் அவிஞ்ஞோனுக்கு வரவழைக்கப்பட்டிருந்த ஆங்கில அறிஞர் ஒக்காம் வில்லியம், அங்கு இவ்வறிக்கைகளைக் கற்றாராய்ந்து, தவறு பாப்பரசரிடமே உள்ளதென்ற முடிவுக்கு வந்தார். 1328-இல் தம் சபைத் தலைவர் செசேனா மிக்கேலோடு அந்நகரை விட்டுத் தப்பியோடினார்.

இவ்வறிக்கையில் இறையியல் நியாயம் சிறிதும் இல்லை என்று கூறுவதற்கில்லை. உண்பவன் உணவை உடைமையாகக் கொள்ளாமலே உண்கிறான் என்ற பிரான்சிஸ்க வாதத்தில் சொற்சிலம்பமும் கலந்திருந்தது. திருச்சபை எதையுமே வைத்திருத்தலாகாது என்றால், ஏழைக்குக் கொடுப்பதற்கும் அதனிடம் ஒன்றும் இராது. எனினும் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனித்தல் வேண்டும். 1323-இல் கிறிஸ்துவின் வறுமை பற்றிய போதனை தண்டிக்கப்பட்டது. 12 ஆண்டுகளுக்குப் பின் அதே பாறைமீது அரண்மனைக்கு அடிக்கல் விழுந்தது. பின்னது முன்னதன் நேர் விளைவென்று நான் வாதிக்கவில்லை. 12-ஆம் பெனடிக்ட் தம் வாழ்வில் எளியவர், சீர்திருத்த நாட்டமுடையவர். ஆனால் ஒரு கேள்வியைச் சபையிலிருந்து வெளியேற்றிவிட்டால், அக்கேள்வி தடுத்திருக்கக்கூடிய செயல்கள் தாமே உள்ளே வந்துவிடும். எளிய மனிதரொருவரே இப்பெருங்கோட்டையைத் தொடங்கினார் என்பது, தனிமனிதரின் எளிமை மட்டும் போதாது என்பதை நமக்கு உணர்த்துகிறது.

இவ்விடத்தில் என் மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்றைத் திருத்துதல் நலம். மார்ட்டின் லூத்தர் 1520-இல் எழுதிய 'திருச்சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு' என்னும் நூல் அவிஞ்ஞோனைப் பற்றியதன்று. அது திருவருட்சாதனங்களைப் பற்றியது. அவிஞ்ஞோனைப் பாபிலோன் என்று முன்னரே வசைபாடியவர் கவிஞர் பெத்ரார்க்கா. அவர் கூற்றையும் அளந்தே கொள்ளுதல் வேண்டும். ஏனெனில் அவரும் அந்நகரத்துக் கர்தினால் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்து, திருச்சபை மானியங்களைப் பெற்றவரே. கோட்டையைப் பழிப்பவரும் அதன் நிழலில் அமர்ந்திருத்தல் உண்டு.

4. கொல்லத்துத் தூண்

இவ்வரண்மனைக்கும் நமக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று எண்ணுவோர் உளர். ஆனால் தொடர்பு உண்டு. 1329-இல் 22-ஆம் யோவான் அவிஞ்ஞோனிலிருந்தே கொல்லத்தை ஒரு மறைமாவட்டமாக்கி, தொமினிக்கத் துறவி ஜோர்தானுஸ் கத்தலானியை அதன் ஆயராக நியமித்தார். 1321-இல் தாணாவில் பிரான்சிஸ்கத் துறவியர் நால்வர் இரத்தசாட்சிகளாய் மடிந்தபோது அவ்வட்டாரத்தில் பணியாற்றியவர் இந்த ஜோர்தானுஸ். ஒருபுறம் பிரான்சிஸ்க வறுமையைக் கண்டித்த அதே கை, மறுபுறம் அப்பிரான்சிஸ்கரின் இரத்தம் சிந்திய நாட்டிற்கு ஆயரை அனுப்பியது.

1338-இன் இறுதியில் 12-ஆம் பெனடிக்ட் அனுப்பிய தூதுக் குழுவில் ஒருவராக, மரிஞ்ஞோல்லி யோவான் என்ற பிரான்சிஸ்கர் அவிஞ்ஞோனிலிருந்து சீனப் பேரரசனிடம் புறப்பட்டார். திரும்பும் வழியில், 1340-களின் பிற்பகுதியில், கொல்லத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். மயிலாப்பூரில் தோமா அப்போஸ்தலரின் கல்லறையையும் கண்டார். எமது சேகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்விடத்தில், 1896-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புதுக்கோதிக் பேராலயம் இன்று நிற்கிறது.

கொல்லத்தில் தாம் செய்ததை மரிஞ்ஞோல்லியே தம் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். மிளகு நிறுக்கும் பொதுத் தராசு அங்குத் தோமா கிறிஸ்தவர்களின் பொறுப்பில் இருந்தது. பாப்பரசரின் தூதர் என்ற முறையில் அத்தராசின் வருவாயிலிருந்து திங்கள்தோறும் 100 பொன் பணமும், விடைபெறும்போது 1,000 பொன் பணமும் தமக்குக் கிடைத்ததாகக் கூறுகிறார். பின்னர் சிலுவை பொறித்த கல்தூண் ஒன்றை அங்கு நாட்டி, அதில் பாப்பரசரின் சின்னத்தையும் தம் சின்னத்தையும் செதுக்குவித்து, இந்திய எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் பொறிப்பித்து, உலக முடிவு வரை நிலைக்கும் என்ற நம்பிக்கையோடு அதனை அபிஷேகம் செய்ததாகவும் எழுதுகிறார்.

இப்பகுதியை வகுப்பில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே எழும். நம் எழுத்தையும் இலத்தீனையும் ஒரே கல்லில் பொறித்தார் என்பது மகிழ்ச்சி. சிலுவையோடு அரண்மனையின் சின்னமும் ஏறிவிட்டது என்பது வருத்தம். மிளகைக் கொடியிலிருந்து பறித்தவரும், மூட்டையாக்கித் தராசுக்குச் சுமந்தவரும் அக்குறிப்பில் இடம்பெறவில்லை. தாம் புறப்பட்டபோது கட்டப்பட்டுக் கொண்டிருந்த அரண்மனை, 1353-இல் தாம் திரும்பியபோது இருமடங்காகி முடிந்திருந்ததை மரிஞ்ஞோல்லி கண்டிருப்பார். அவர் கொண்டுசென்ற மிளகுப் பணத்தில் ஒரு காசேனும் அச்சுவரில் சேர்ந்ததா என நாம் ஆராய வேண்டுவதில்லை. கொல்லத்துத் தராசையும் அவிஞ்ஞோன் பொக்கிஷ அறையையும் ஒரே வலையின் இரு முடிச்சுகளாகக் கண்டால் போதும். இன்று ஒரகடத்தில் பூட்டப்படும் திருகாணிக்கும் கடல்கடந்த தலைமை அலுவலகத்தின் கணக்கேட்டிற்கும் உள்ள தொடர்பை நன்கறிந்த எம் சபையார்க்கு இது புரியாத செய்தியன்று.

5. அரண்மனையின் பின்வாழ்வு

சுவரின் கனம் திருச்சபையைக் காத்ததா? சியன்னா நகரத்துக் கத்தரீனாள் 1376-இல் அவிஞ்ஞோனுக்கு வந்து, உரோமைக்குத் திரும்புமாறு 11-ஆம் கிரகோரியை வற்புறுத்தினார். துறவுச் சீருடை ஒன்றன்றி வேறு அதிகாரம் எதுவும் அப்பெண்மணிக்கு இல்லை. அதே ஆண்டில் பாப்பரசர் புறப்பட்டு, 1377 ஜனவரியில் உரோமையை அடைந்தார். மறு ஆண்டே பிளவு தோன்றியது. உரோமையில் ஒருவரும் அவிஞ்ஞோனில் ஒருவருமாகப் பாப்பரசர் இருவர் எழுந்தனர். 1417-இல் கான்ஸ்டன்சு சங்கம் முடிவு காணும்வரை மேலைத் திருச்சபை பிளவுண்டு கிடந்தது. 1398-இல் அரண்மனை முற்றுகையிடப்பட்டது. முற்றுகையிட்டவர் புறச்சமயத்தாரல்லர், கிறிஸ்தவரே. உள்ளிருந்த 13-ஆம் பெனடிக்ட் 1403-இல் மாறுவேடத்தில் வெளியேறினார். பகைவரை வெளியே நிறுத்த எழுப்பிய சுவர், இறுதியில் ஒரு பாப்பரசரைத் தம் மந்தையினின்றும் அடைத்து வைத்தது.

1791 வரை அவ்வரண்மனை பாப்பரசரின் ஆட்சியிலேயே இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில், புரட்சிக் கொந்தளிப்பின் நடுவே, அங்குச் சிறைவைக்கப்பட்ட ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ 60 பேர் கொல்லப்பட்டு ஒரு கோபுரத்தினுள் எறியப்பட்டனர். 19-ஆம் நூற்றாண்டில் அது படைவீரர் குடியிருப்பாயிற்று. வீரர்கள் மத்தேயோவின் ஓவியங்களிலிருந்து தலைகளை வெட்டியெடுத்து விற்றனர். யோவான் சிற்றாலயத்தில் தலையற்ற உருவங்களை இன்றும் காணலாம். 1906-இல் படையினர் வெளியேறியபின் சீரமைப்புத் தொடங்கியது. 1947 முதல் அதன் பெருமுற்றத்தில் நாடக விழா நடைபெறுகிறது. 1995-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. வழிபாடு நின்றது, வழக்கு நின்றது, பொக்கிஷம் போயிற்று, கல் நிற்கிறது.

அவ்வரண்மனையைச் சார்ந்து நிகழ்ந்த நற்செயல்கள் இரண்டை நான் வகுப்பில் கூறாது விட்டது என் குற்றம். ஒன்று, அந்நகரில் பாப்பரசரின் அறநிலையம் ஏழைகட்கு நாள்தோறும் அப்பம் வழங்கி வந்தமை. மற்றொன்று, 1348-இல் கொள்ளைநோய்க்கு யூதரே காரணம் எனப் பழிசுமத்தி மக்கள் அவர்களைக் கொன்று குவித்தபோது, 6-ஆம் கிளமெந்து ஆணைகள் பிறப்பித்து அப்பழியை மறுத்து, யூதரைக் காக்க முற்பட்டமை. விருந்தும் வேட்டையும் விரும்பிய, மான்வேட்டைக் காட்சிகளைத் தம் படிப்பறைச் சுவரில் தீட்டுவித்த அதே கிளமெந்து! சீர்திருத்தச் சபையாராகிய நாம் இச்செய்தியின் முன் சற்றுத் தலைகுனிதல் தகும். கல்லால் அவர் கட்டியதைவிடச் சொல்லால் அவர் கட்டிய அச்சிறு அடைக்கலமே அவருக்குப் பெரும்புகழ்.

6. நமது வரைபடம்

கோதிக் வடிவத்தை நான் பழிக்கவில்லை. ஆந்திர நாட்டின் பக்கத்தே, இன்றைய தெலங்கானாவில், மேதக் பேராலயம் 1924-இல் கோதிக் முறையிலேயே எழுந்தது. பஞ்சத்தால் வாடியோர்க்கு அதன் கட்டடப்பணி வேலையும் உணவும் ஆயிற்று என்று கூறுவர். வடிவம் ஒன்றே, ஆனால் அவிஞ்ஞோனில் அது எளியோரிடமிருந்து வாங்கியது, மேதக்கில் எளியோர்க்கு வழங்கியது. அதே நிலப்பகுதியின் தோர்ணக்கல்லில், திருநெல்வேலி தந்த பேராயர் அசரியா எழுப்பிய பேராலயம் 1939-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. கோயில் மண்டபத்தின் சாயலையும் பள்ளிவாசலின் சாயலையும் அது தன்னுள் ஏற்றுக்கொண்டது. சுற்றியிருப்போரைக் கண்டு அஞ்சாத கட்டடம் அது.

எனவே எமது கட்டடக் குழுவினரிடம் நான் கேட்டது, கூர்முனை வளைவு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. மூன்று வினாக்களையே கேட்டேன். இதற்கான பணம் எவரிடமிருந்து வருகிறது? இதில் நாம் பாதுகாக்க விரும்புவது எது? இதன் கதவு எந்நேரத்தில், எவருக்குத் திறந்திருக்கும்?

முதல் வினாவிற்கு விடை எளிதில் கிடைத்தது. குடும்பத்திற்கு இவ்வளவு என வரி போன்று விதிக்க எண்ணியிருந்தனர். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒரே தொகை. அயலான் உழைப்பைக் கூலியின்றிக் கொண்டு தன் மாளிகையை விசாலமாக்கி, கேதுருப் பலகையால் அணிசெய்த அரசனை எரேமியா 22-ஆம் அதிகாரத்தில் எப்படிக் கடிந்துகொண்டார் என்பதை அனைவரும் சேர்ந்து வாசித்தோம். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

மூன்றாம் வினாவிற்கு விடை தந்தவர் குழுவில் இல்லாதவர். தென்மாவட்டத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கி, மின்னணுத் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் இளம்பெண் அவர். இவ்வட்டாரத்தில் அவரைப் போன்றோர் பல்லாயிரவர். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பேர் தங்குவதற்கான விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. மாலை ஆராதனைக்குப் பின் பலகையில் ஒட்டியிருந்த வரைபடத்தை நெடுநேரம் நோக்கிவிட்டு, "ஐயா, இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வந்தால் இந்தக் கேட் திறந்திருக்குமா?" என்று கேட்டார். "திறந்திருக்கும், அம்மா" என்று உடனே கூற வாயெடுத்தேன். கூற இயலவில்லை. இப்போதுள்ள சிற்றாலயத்தின் கதவே அந்நேரத்தில் பூட்டியிருக்கிறது. பூட்டின் சாவி என்னிடமே இருக்கிறது.

கோபுரம் பற்றியும் ஒரு சொல். நாம் வாழும் ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மறைவாகக் காக்க வேண்டுமென்று தமக்கு உபதேசிக்கப்பட்டதை அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி அனைவரும் கேட்க உரைத்தார் என்பது வைணவ மரபு. இவ்வூரில் கோபுரம் என்றால் என்ன என்று எவரேனும் கேட்டால், நம் அயலார் கூறும் விடை அதுவாகவே இருக்கும். தம் நன்மையைப் பாதுகாப்பதற்கன்று, அதைப் பகிர்ந்தளிப்பதற்கே அம்மனிதர் உயரம் ஏறினார். அவிஞ்ஞோனின் கோபுரங்கள் பொக்கிஷத்தைக் காத்தன. நம் கோபுரம் இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது என்பதை, அதனைக் கட்டுமுன் நாம் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.

நான் முன்வைத்துள்ள மாற்றம் சிறியதே. இரு கோபுரங்களுக்கும் மதிலுக்கும் ஆகும் செலவைக் கொண்டு, சாலையை நோக்கித் திறந்த கூடம் ஒன்று அமைத்தல். அதில் குடிநீர், கழிப்பிடம், இரவுப்பணி முடிந்து வருவோர் சற்று அமர்ந்து இளைப்பாற இருக்கைகள். கூடத்திலிருந்து நேரே வழிபாட்டு இடத்திற்குள் நுழையும் வாயில். உள்ளே ஒளி வேண்டும். கண்ணாடி செய்யும் ஊரில் வாழும் நமக்கு அது அரிதன்று. கோதிக் கலையின் மெய்யான கொடையும் அதுவே. நன்கொடையை அவரவர் வருவாய்க்கேற்ப மனமுவந்து தருதல் போதும்.

குழுவினர் இதனை இன்னும் ஏற்கவில்லை. கோபுரமில்லாத ஆலயத்தை ஆலயமென்று எவர் கூறுவர் எனச் சிலர் கேட்கின்றனர். அவர்களது ஏக்கத்தை நான் அறிவேன். பல தலைமுறைகளாய் ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்டோர், ஒரு நாளேனும் நிமிர்ந்து நிற்க விரும்புவது பெருமிதமன்று, உரிமை. அவ்வுரிமையை அவிஞ்ஞோனைக் காட்டி மறுக்க எனக்கு அதிகாரமில்லை. வரும் பொதுக்கூட்டத்தில் இரு வரைபடங்களும் சபையார் முன் வைக்கப்படும். தீர்ப்பு அவர்களுடையது. இவ்வட்டாரத்திலேயே 2006-இல் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய கைப்பேசித் தொழிற்சாலையொன்று 2014-இல் கதவடைத்ததை அவர்களில் பலர் கண்டவர்கள். அதில் வேலையிழந்தோரும் நம்மிடையே உளர். நிற்கும் என்று நம்பிய சுவர்கள் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை நான் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தீர்மானத்திற்குக் காத்திராமல் செய்துவிட்டேன். இப்போது பழைய ஆலயத்தின் கதவு காலை 6 மணிக்குத் திறக்கப்படுகிறது. முதல் வாரத்தில் எவரும் வரவில்லை. இரண்டாம் வாரத்தில் மூவர் வந்தனர். ஒருவர் மன்றாடினார்; மற்ற இருவரும் பின்வரிசையில் அமர்ந்தவாறே உறங்கிவிட்டனர். அவர்களை எழுப்பாமல் மணியை மெதுவாக அடிக்கும்படி கோயில்பிள்ளையிடம் கூறினேன்.